எதற்கு ரெலவன்ட்?

பிப்ரவரி 9

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நலம். அண்ணிக்கு முழங்காலில் வலி. வாய்க்கு எந்தக் குறையும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய்? கோர்ட்டே கதி என்று கிடக்காமல் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

போன ஞாயிற்றுக்கிழமை நாம் போனில் பேசியதைப் பேச்சு என்றே சொல்ல முடியாது. "லிஃப்ட்ல பிரேக் தேஞ்சு போச்சு" என்று நான் சொன்னால், "கேக் தீஞ்சு போச்சா? அண்ணி அடுப்பைப் பாக்கலையா?" என்கிறாய். உன் அண்ணி அரை மணி நேரம் சிரித்தாள். லைன் சரியில்லை, கடிதமாக எழுது என்றாய். எழுதுகிறேன்.

எங்கள் மெத்தைத் தொழிற்சாலையில் போன வாரம் ஒரு விபத்து. தையல் பிரிவு மேற்பார்வையாளரை நாங்கள் 'ஊசி' என்று கூப்பிடுவோம். ஆள் மெலிசு, பேச்சு கூர்மை. மதியம் மூன்றாம் மாடிக்குப் போக அந்த அம்மாள் சரக்கு லிஃப்டில் ஏறினாள். பிரேக் பிடிக்காமல் லிஃப்ட் அரை மாடி உயரம் கீழே இறங்கி நின்றது. வலது கால் முறிந்துவிட்டது. இப்போது நிர்வாகம் என்ன சொல்கிறது தெரியுமா? ஆட்கள் ஏறக்கூடாது என்று போர்டு இருந்தும் ஏறியது ஊசியின் தப்பாம். பிரேக்கைக் கவனிக்காதது லிஃப்ட் மெக்கானிக்கின் தப்பாம். மெக்கானிக் உன் அண்ணன்தான். பிரேக் மாற்ற வேண்டும் என்று பராமரிப்புப் புத்தகத்தில் மூன்று தடவை எழுதி, மேனேஜரிடம் கையெழுத்தும் வாங்கி வைத்திருக்கிறேன். அதனால் எனக்கு ஒன்றும் நடுக்கம் இல்லை.

ஆனால் விசாரணைக்கு ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். 'ஸ்டேட் ரெலவன்ட் ஃபேக்ட்ஸ் ஒன்லி' என்று தலையிலேயே போட்டிருக்கிறது. மற்ற வார்த்தைகள் தெரியும், அந்த ரெலவன்ட் மட்டும் இடிக்கிறது. ஸ்டோர் கிளார்க்கைக் கேட்டேன், 'முக்கியமானது' என்றார். கேன்டீன்காரரைக் கேட்டேன், 'சம்பந்தப்பட்டது' என்றார். எங்கள் ஃபோர்மேன், "சுருக்கமா எழுதித் தொலைன்னு மரியாதையா சொல்றாங்க" என்றார். யார் சொல்வது சரி? கோர்ட்டில் நாள் முழுக்கத் தமிழை இங்கிலீஷாக்கும் தங்கை இருக்கும்போது எனக்கென்ன கவலை!

பதில் போடு. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்


பிப்ரவரி 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். ஜலதோஷம் வந்தது, போய்விட்டது. அண்ணியின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல். உன் கடிதத்தைப் படித்ததும் பயந்துதான் போனேன். கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன் என்ற இடத்தில்தான் மூச்சு வந்தது.

மூன்று பேரும் கால்வாசிதான் சரி. ஊசியம்மாவின் கால் முறிந்தது ரொம்ப முக்கியம். ஆனால் பிரேக் எப்போது தேய்ந்தது என்று கேட்டால் அந்தக் கால் அங்கே ரெலவன்ட் இல்லை. சம்பந்தம் என்றும் சொல்லிவிட முடியாது. லிஃப்ட் கதவு பச்சை நிறம் என்றால் அதற்கும் லிஃப்டுக்கும் சம்பந்தம் உண்டு. அதனால் விபத்தைப் பற்றி என்ன தெரிந்துவிடப் போகிறது? ஆனால் எச்சரிக்கை போர்டையும் அதே பச்சையில் எழுதி யாருக்கும் கண்ணில் படாமல் போயிருந்தால், அந்தப் பச்சை உடனே ரெலவன்ட் ஆகிவிடும். நம் வீட்டுக் கல்யாணங்களில் ஒரு சம்பந்தம் முடிந்தால் நாற்பது பேர் சொந்தமாகிவிடுவார்கள். இந்த வார்த்தை அவ்வளவு தாராளம் இல்லை.

நீ இப்படிச் சோதித்துப் பார். இந்த விஷயம் தெரிந்தால், கேட்ட கேள்விக்கான பதில் கொஞ்சமாவது இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகருமா? நகர்ந்தால் எழுது. நகராவிட்டால் விடு. கோர்ட்டில் இந்த வார்த்தையை ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்கிறேன், அதனால் தைரியமாக நம்பலாம்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். நீயும் நேரத்துக்குத் தூங்கு.

தங்கை


பிப்ரவரி 25

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். நலமறிய ஆவல் என்று எழுதினால் நீ சிரிப்பாய். ஆனாலும் ஆவல்தான். ஜலதோஷம் திரும்ப வரவில்லையே?

நீ சொன்ன சோதனையை வைத்துக்கொண்டு மூன்று பக்கம் எழுதினேன். லிஃப்டின் வயது, எடை, நிறம் எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். பராமரிப்புப் புத்தகம், மூன்று தேதிகள், மேனேஜர் கையெழுத்து, கடைசியாகப் படிக்கட்டு. படிக்கட்டு என்னவென்றால், டிசம்பரிலிருந்து கிடங்கில் இடமில்லை என்று தயாரான மெத்தைகளை எல்லாம் படிக்கட்டில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். மேலே போக வேறு வழி கிடையாது. ஊசி மட்டுமா, மூன்றாம் மாடியே இரண்டு மாதமாகச் சரக்கு லிஃப்டில்தான் ஏறி இறங்குகிறது. எல்லோருக்கும் தெரியும்.

அலுவலகத்திலிருந்து படிவம் நேற்று திரும்பி வந்தது. படிக்கட்டுப் பத்தி முழுவதும் சிவப்பு மையில் அடித்து, ஓரத்தில் 'நாட் ரெலவன்ட்' என்று எழுதியிருக்கிறது. மார்ச் 20 விசாரணை. நான் பிழைத்தாலும் ஊசிக்கு வேலை போய்விடும் போலிருக்கிறது. என்ன செய்யலாம்?

மூன்று தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. அவ்வளவு வேலையா?

அண்ணன்


மார்ச் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை. நீங்கள் இருவரும் நலம்தானே? கோர்ட்டில் போனைப் பைக்குள் போட்டுவிடுவேன், வீட்டுக்கு வந்தும் எடுக்க மறந்துவிடுகிறேன். அவசரம் என்றால் எழுது.

சிவப்பு மையைப் பார்த்துப் பின்வாங்காதே. ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். இங்கிலீஷில் அந்த வார்த்தை தனியாக நிற்காது. பின்னால் ஒரு 'டு' ஒட்டிக்கொண்டு வரும். ரெலவன்ட் டு, அதாவது எதற்கு ரெலவன்ட். அதைச் சொல்லாமல் வெறுமே நாட் ரெலவன்ட் என்று ஒருவர் எழுதினால், எந்தக் கேள்விக்கு என்பதை அவர் சட்டைப்பைக்குள் வைத்திருக்கிறார் என்று அர்த்தம். வெளியே எடுக்கச் சொல். மரியாதையாகக் கேள், ஆனால் கேள்.

என் வேலையில் இந்தத் தலைவலி கிடையாது. சாட்சி சொல்வது ரெலவன்ட்டா இல்லையா என்று முடிவு செய்ய மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை இல்லை. அவர் இருமினால் இருமினார் என்று சொல்ல வேண்டும். ஒரு சொல்லையும் விடக்கூடாது.

விசாரணைக்குப் போகும்போது அந்தச் சாம்பல் சட்டையைப் போட்டுக்கொள். அண்ணிக்கு என் அன்பு.

தங்கை


மார்ச் 22

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லோரும் நலம். எவ்வளவு நலம் என்று கேட்கிறாயா? அண்ணி எதிர்வீட்டுக்காரரை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்து இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீ நலமாக இருக்க வேண்டும், நூறு வயது இருக்க வேண்டும்.

விசாரணைக் குழுவில் மூன்று பேர். பர்சனல் அதிகாரி, பாதுகாப்பு அதிகாரி, தலைவராக வெளியிலிருந்து வந்த ஒரு இன்ஜினியர் அம்மாள். புத்தகத்தைக் காட்டினேன். கையெழுத்தைப் பார்த்ததும் பிரேக் விஷயம் அடங்கிவிட்டது. அதோடு என்னைப் போகச் சொன்னார்கள். நான் எழுந்திருக்கவில்லை.

"இன்னும் படிக்கட்டு விஷயம் இருக்கு" என்றேன்.

"அதை அன்னைக்கே அடிச்சு அனுப்பியாச்சே. நாட் ரெலவன்ட்" என்றார் பர்சனல் அதிகாரி.

"சார், நாட் ரெலவன்ட் டு வாட்?"

தலைவரம்மா கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்ன கேட்டீங்க?"

"எந்தக் கேள்விக்கு ரெலவன்ட் இல்லைன்னு கேட்டேம்மா. பிரேக் ஏன் தேஞ்சதுன்னு கேட்டா, படிக்கட்டு ரெலவன்ட் இல்ல, ஒத்துக்கறேன். மேற்பார்வையாளரம்மா ஏன் சரக்கு லிஃப்ட்ல ஏறினாங்கன்னு ஒரு கேள்வி இருக்கே. அதுக்கு?"

"போர்டை மதிக்காம ஏறினாங்க, அவ்ளோதான்" என்றார் அதிகாரி.

"வேற வழி இருந்து ஏறினாங்களா, இல்லாம ஏறினாங்களா?"

தலைவரம்மா அவர் பக்கம் திரும்பினார். "படிக்கட்டுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல மேடம், கொஞ்சம் சரக்கு..."

"வாங்க, பாத்துட்டு வந்துடுவோம்."

இவர்கள் வருகிறார்கள் என்று கீழ்ப்பகுதியை மட்டும் காலி செய்து கழுவி வைத்திருந்தார்கள். இரண்டாவது திருப்பத்திலிருந்து எல்லாம் பழையபடி. தலைவரம்மா கொஞ்சம் பருத்த உடம்பு, ஆனால் விடாமல் ஏறினார். இரண்டு இரட்டை மெத்தைகளுக்கு நடுவில் போய் மாட்டிக்கொண்டார். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. பர்சனல் அதிகாரி ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்து இழுத்தோம். வெளியே வந்து, புடவையைச் சரிசெய்துகொண்டு, குறிப்பெடுப்பவரிடம், "எழுதிக்கங்க. படிக்கட்டு, ரெலவன்ட்" என்றார்.

இது உன் வெற்றி. நீ எழுதிக் கொடுத்த வார்த்தையை நான் வாயால் சொன்னேன், அவ்வளவுதான். உடனே பதில் போடு.

அண்ணன்


ஏப்ரல் 13

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். உன் நலத்துக்காகத்தான் இந்தக் கடிதம்.

குழுவின் முடிவு வந்துவிட்டது. ஊசி மேல் தப்பில்லை. படிக்கட்டைக் காலி செய்துவிட்டார்கள், புது பிரேக்கும் மாட்டிவிட்டேன். ஊசி அடுத்த மாதம் வேலைக்கு வருகிறாள். ஊன்றுகோலோடு வந்து உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

இவ்வளவு நல்ல செய்தி எழுதியும் மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நேற்று அண்ணியிடம் புலம்பினேன். அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "போன வருஷம் வந்திருந்தப்ப அவ எப்பவும் எனக்கு இடது பக்கமாவே வந்து உக்காந்தா, கவனிச்சீங்களா? நான் அந்தப் பக்கம் மாறினா அவளும் எழுந்து மாறுவா. அன்னைக்கு கேக் கதையும் லைன்னால வந்ததில்லைங்க" என்றாள். நான் ஒரு மடையன், சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

உன் காதுக்கு என்ன? ஒளிக்காமல் எழுது. எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் எழுது, நான் எதையும் அடிக்க மாட்டேன்.

அண்ணன்


ஏப்ரல் 24

அண்ணா,

உடம்பு நலம். மற்றதைச் சொல்கிறேன்.

இடது காது. போன வருடமே டாக்டர் பரிசோதித்துவிட்டு, "பாதிக்கு மேல போயிடுச்சும்மா, கருவி வெச்சுக்கங்க" என்றார். நான் வைக்கவில்லை. காதில் கருவியோடு ஒரு மொழிபெயர்ப்பாளர் வந்து நின்றால் வக்கீல்கள் வார்த்தைக்கு வார்த்தை சந்தேகம் கேட்பார்கள் என்று பயம். வலது காதை வைத்தே சமாளித்தேன். நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்வேன், உதட்டைப் பார்ப்பேன். ஜனவரியில் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் படிவம் கொடுத்தார்கள். 'உங்கள் பணிக்கு ரெலவன்ட்டான உடல்நலக் குறை ஏதேனும் உண்டா?' என்று கேட்டிருந்தது. 'டு' முதற்கொண்டு அதில் இருக்கிறது, அண்ணா. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அதே மாதம் ஒரு வழக்கு. துணிக்கிடங்கு ஒன்றின் காவலாளி. பின்கதவு திறந்து கிடந்து சரக்கு திருட்டுப் போனதால் வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள், அதை எதிர்த்து வந்திருந்தார். அந்த அறையில் சாட்சிக் கூண்டு எனக்கு இடது பக்கம். நாற்காலியைத் தரையோடு பொருத்திவிட்டிருந்தார்கள். பின்கதவைப் பூட்டினீர்களா என்று வக்கீல் கேட்டார். "நான் பூட்டலைங்க" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு 'பூட்ட' என்று ஏதோ முணுமுணுத்தார். அதையேதான் திரும்பச் சொல்கிறார் என்று நினைத்தேன். இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். அன்று ஏற்கெனவே இரண்டு தடவை கேட்டிருந்தேன், வெட்கமாக இருந்தது. 'பூட்டவில்லை' என்று இங்கிலீஷில் சொல்லி முடித்துவிட்டேன்.

பிப்ரவரி ஐந்தாம் தேதி அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. வெளியே வராந்தாவில் அவர் மனைவி எனக்கு வலது பக்கம் நின்று யாரிடமோ அழுதுகொண்டிருந்தார். "பூட்ட விடலைன்னு சொல்லியும் நம்பலையே" என்றார். அது எனக்கு நன்றாகக் கேட்டது.

பூட்டலை. பூட்ட விடலை. ஒரு வாரம் கழித்து உன் முதல் கடிதம் வந்தது. ஒரு விஷயம் தெரிந்தால் பதில் நகருமா என்று சோதித்துப் பார் என உனக்கு எழுதினேன். எழுதும்போதே எனக்குத் தெரியும். ஒரு சொல்லையும் விடக்கூடாது என்று எழுதியபோதும் தெரியும். நீ அந்த அறையில் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்ததைப் படித்த பிறகுதான் என்னால் பேனாவைத் தொடவே முடியவில்லை.

திங்கட்கிழமை பதிவாளரைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன். அண்ணியிடம் நான் கோபித்துக்கொள்ளவில்லை என்று சொல்.

தங்கை


மே 1

என் தங்கச்சிக்கு,

நலம்தான். ஆனால் கோபத்தோடு நலம்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மூன்றாம் தடவை அண்ணிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். காது கேட்காததற்குக் கோபமில்லை. ஒரு வருடம் எங்களிடம் மறைத்தாயே என்றுதான் குதித்தேன். அண்ணி சொன்னாள்: "உங்க கோபத்தை அலமாரில வைங்க, அப்புறம் எடுத்துக்கலாம். முதல்ல அந்தக் காவலாளிக்கு ஆக வேண்டியது ஆகட்டும்." அதனால் அலமாரியில் வைத்திருக்கிறேன்.

இது உன் கைக்கு வருவதற்குள் நீ பதிவாளரைப் பார்த்திருப்பாய். வேலை போனால் போகிறது என்று நான் வீரம் பேச மாட்டேன். அந்த வேலையை நீ எவ்வளவு ஆசையாகச் செய்கிறாய் என்று எனக்குத் தெரியும். எதுவானாலும் எழுது. பத்து நாள் விடுப்பு இருக்கிறது. ஒரு வரி எழுதினால் வந்து நிற்பேன், வாசலில் உட்கார்ந்திருக்கவாவது ஆள் வேண்டும்.

கருவி வாங்கினாயா, இல்லையா? அதை முதலில் சொல்.

அண்ணன்


மே 20

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். இந்தத் தடவை அதை யோசித்துவிட்டுத்தான் எழுதினேன். கருவி வாங்கிவிட்டேன். முதல் நாள் என் வீட்டுக் குழாய் இத்தனை நாளாகச் சொட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது.

பதிவாளர் நான் சொல்வதை முழுவதும் கேட்டுவிட்டு, "யாருமே புகார் கொடுக்கலையே. நீங்களா ஏன் வந்து சொல்றீங்க?" என்றார்.

"அவர் சொன்னதுல பாதி பதிவாகவே இல்ல சார். ஒலிப்பதிவு இருக்கும். வேற மொழிபெயர்ப்பாளரை வெச்சுக் கேட்டுப் பாருங்க" என்றேன்.

எதிர் அறையிலிருந்து ஒரு சக மொழிபெயர்ப்பாளரை வரவழைத்தார்கள். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை கேட்டுவிட்டு என்னைப் பார்க்காமலே தாளில் எழுதினாள்: 'நான் பூட்டலைங்க. பூட்ட விடல. லாரி வருதுன்னு மேனேஜர் சாவிய வாங்கிட்டார்.' நான் நினைத்ததைவிட ஒரு வாக்கியம் அதிகம்.

வழக்கை மறுபடி விசாரிக்க உத்தரவாகிவிட்டது. போன வருடத்திலிருந்து நான் நின்ற வழக்குகளின் பதிவுகளையும் கேட்டுப் பார்க்கிறார்கள். அதுவரை எனக்குக் கோர்ட் அறைக்குள் வேலை இல்லை, ஆவணங்களை மட்டும் மொழிபெயர்க்கலாம். படிவத்தில் பொய் எழுதியதற்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன். அக்டோபரில் கருவியோடு எனக்கு ஒரு தேர்வு வைக்கிறார்கள். அதில் தேறிவிடுவேன்.

நீ வர வேண்டாம். வந்தால் உன் கோபத்தையும் அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு வருவாய். அதை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

தங்கை


ஜூலை 29

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். அண்ணியின் முழங்கால் சிகிச்சை நல்லபடி முடிந்தது என்று நீ எழுதியதைப் படித்து நிம்மதியானேன். ஒரு மாதம் மாடி ஏற விடாதே.

மறுவிசாரணை நேற்று முடிந்தது. நானும் கூண்டில் ஏறினேன், இந்தத் தடவை சாட்சியாக. எதிர்த்தரப்பு வக்கீல் என்னைக் குடைந்து எடுத்துவிட்டார். அவர் கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்று சொல்வதுதான் என் பதிலாக இருந்ததால் அவருக்கே சீக்கிரம் சலித்துவிட்டது. மேனேஜர் சாவியை வாங்கியதற்குச் சாவிப் பதிவேட்டில் கையெழுத்து இருந்திருக்கிறது. முதல் விசாரணையில் அதைத் தேட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றும்படியாக நான் ஒன்றும் சொல்லவில்லையே. காவலாளியைத் திரும்ப வேலையில் சேர்க்கத் தீர்ப்பாகிவிட்டது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் வந்து எனக்கு இடது பக்கம் உட்கார்ந்தார். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. அவர்தான் பேசினார்.

"அன்னைக்கு நான் மூணு வாக்கியம் சொன்னேன், நீங்க ஒண்ணுதான் சொன்னீங்க. வீட்டுக்குப் போய் பொண்டாட்டிகிட்ட சொன்னேன், இங்கிலீஷ்ல எல்லாம் சுருக்கமாத்தான் வரும் போலன்னு."

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எந்தக் காதும்மா நல்லாக் கேக்கும்?" என்றார்.

வலது காதைத் தொட்டுக் காட்டினேன்.

எழுந்து, என்னைச் சுற்றிக்கொண்டு வந்து, வலது பக்கம் உட்கார்ந்தார். "இப்பக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு, லாரி வருவதாகச் சொன்ன அந்தச் சாயங்காலத்தை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினார். அவர் மனைவி டீ வாங்கி வந்து, எங்கள் இருவர் கையிலும் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றார். அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்டேன், அண்ணா.

உங்கள் இருவருக்கும் என் அன்பு.

தங்கை